புரோலாக்டின் மிகையும் மகப்பேறின்மையும்

மணமாகிச் சில ஆண்டுகள் கடந்தும் குழந்தை பிறக்கவில்லையெனில், இந்நாட்டில் பழி பெரும்பாலும் பெண்ணின்மீதே சுமத்தப்படுகிறது. மருத்துவரை நாடுவதற்கு முன்பே மறுமணப் பேச்சை எடுக்கும் குடும்பங்களும் உண்டு. ஆனால் மகப்பேறின்மைக்கான காரணங்களுள் ஒன்று, எளிய இரத்தப் பரிசோதனையால் அறியக்கூடியது. பெரும்பாலும் மாத்திரைகளாலேயே கட்டுப்படுத்தக்கூடியது. இரத்தத்தில் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் அளவு மீறிப் பெருகுவதே அது.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் அமைந்துள்ள பிட்யூட்டரி சுரப்பியில் புரோலாக்டின் உண்டாகிறது. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கச் செய்வது இதன் தலையாய பணி. மனிதரிடத்தில் இது வளர்ச்சி ஹார்மோனினின்றும் வேறானது என்பது 1970-களின் தொடக்கத்திலேயே உறுதிப்பட்டது.

பிட்யூட்டரியின் பிற ஹார்மோன்களை, மூளையின் ஹைபோதாலமஸ் பகுதி தூண்டிச் சுரக்கச் செய்கிறது. புரோலாக்டினையோ, டோபமைன் என்னும் பொருளைக் கொண்டு எந்நேரமும் அடக்கி வைக்கிறது. இக்கடிவாளம் தளர்ந்தால் புரோலாக்டின் பெருகும். கருமுட்டை முதிர்வதற்கு வேண்டிய தூண்டுதல் குன்றும். பாலூட்டும் தாய்க்குச் சில மாதங்கள் மாதவிலக்கு வாராதிருப்பது இயல்பே. கருவுறாத, பாலூட்டாத பெண்ணுக்கு மாதவிலக்கு தவறுவதும், மார்பில் பால் கசிவதும் நோயின் அறிகுறிகளாகலாம். ஆண்களுக்கும் இந்நோய் வரும். அவர்களிடம் பாலுணர்வும் ஆண்மையும் குறையும். நெடுங்காலம் கவனியாது விட்டால் இருபாலாருக்கும் எலும்பு வலுவிழக்கும்.

கடிவாளம் தளர்வதற்கு மருந்துகளே காரணமாவதும் உண்டு. வாந்தியை நிறுத்தத் தரப்படும் டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு, மனநோய்க்கான ரிஸ்பெரிடோன் ஆகியவை டோபமைனின் செயலைத் தடுப்பவை. தைராய்டு சுரப்புக் குறைவும் சிறுநீரகச் செயலிழப்பும் பிற காரணங்கள். பிட்யூட்டரியில் தோன்றும் கட்டி மற்றொரு காரணம். கட்டி என்றதும் அஞ்ச வேண்டுவதில்லை. இது புற்றுநோயாக இருப்பது மிக அரிது. பெண்களிடம் காணப்படும் கட்டிகளுள் பெரும்பாலானவை 10 மில்லிமீட்டருக்கும் குறைந்தவை. எனினும், பெரிய கட்டி கண் நரம்பை அழுத்தினால் பக்கப் பார்வை மங்கும், தலைவலியும் தோன்றலாம். அந்நிலையில் காலந்தாழ்த்தலாகாது.

பெண்களுக்குப் புரோலாக்டின் அளவு பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 25 நானோகிராமுக்குள் இருக்கும். மன அழுத்தம்கூட இதனைச் சற்று உயர்த்துமாதலால், சிறிதளவு மிகுந்திருப்பின் மறுமுறை பரிசோதிப்பது முறை. கருவுற்றிருக்கிறாரா, என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறார், தைராய்டு எவ்வாறு உள்ளது என்னும் மூன்றையும் முதலில் அறிதல் வேண்டும். இவற்றால் காரணம் தெளியாவிடில், அல்லது அளவு மிக உயர்ந்திருப்பின், எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப்படும்.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. தைராய்டு குறையை நீக்கினால் புரோலாக்டினும் தணியும். கட்டிக்கு, டோபமைனைப் போலவே செயற்படும் காபர்கோலின், புரோமோகிரிப்டின் மாத்திரைகள் தரப்படுகின்றன. காபர்கோலினை வாரத்திற்கு ஓரிரு முறை உட்கொண்டாலே போதும். பெரும்பாலோர்க்குக் கட்டி சுருங்குகிறது, மாதவிலக்கு சீர்படுகிறது, கருத்தரிக்கும் வாய்ப்பும் மீள்கிறது. மருந்தால் பயன் காணாத சிலருக்கே அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. மனநோய் மருந்தே காரணமெனத் தெரிந்தாலும், அதனைத் தாமாக நிறுத்துதல் தீங்கு. மாற்று மருந்தை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மருத்துவம் பயிலும் மாணவரும் சுகாதார அலுவலரும் மனத்திற் கொள்ள வேண்டியது இதுவே: மகப்பேறின்மை சாபமன்று, ஒருவர் மீது மட்டும் சுமத்தத்தக்க குற்றமுமன்று. கணவன், மனைவி இருவரும் ஒருசேரப் பரிசோதனைக்கு வரும் வழக்கத்தை ஆரம்ப சுகாதார நிலையங்கள் வளர்த்தால், பல இல்லங்களில் வீண் பழி நீங்கும்.