ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு



ஹிஜ்ரி 2இல் பத்ருப் போரில் சிறைப்பட்டோரில், மீட்புத்தொகை தர இயலாத, ஆனால் எழுத்தறிந்த குறைஷிகளிடம் நபி (ஸல்) அவர்கள் கேட்ட ஈடு, மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதே. கற்பிப்பவர் யார் என்பது அங்கே தடையாகவில்லை.

திருப்புல்லாணி, பெரியபட்டினம் பகுதிச் சபுராளிக் குடும்பங்கள் பல, பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்ததும் கட்டணப் பள்ளியைத் தேடுகின்றன. கண்ணியம் கருதித்தான்! ஆனால் 2020இல் தமிழக அரசு வழங்கிய மருத்துவக் கல்வி இடஒதுக்கீடு 7.5 விழுக்காடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கே உரியது. 2022இல் மாதம் 1,000 ரூபாயுடன் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும் அதே நிபந்தனையோடுதான் வந்தது. ஆறாம் வகுப்பில் கட்டணம் கட்டி மாறிய பிள்ளை இவ்வுரிமையை இழக்கிறது. இதை எத்தனை தாய்மார் அறிவார்கள்?

"அங்கே கற்பித்தல் சரியில்லை" என்கிறீர்கள். சில இடங்களில் உண்மையே. எனினும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். சேர்க்கை நூறைத் தாண்டினால்தான் முழுநேரத் தலைமையாசிரியர். நாம் விலகினால் ஆசிரியரும் குறைவார். பிறகு குறை கூறுவதில் என்ன நியாயம்?

அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கைப் பெற்றோருக்கும், மொத்தத்தில் பாதியைப் பெண்களுக்கும் அளித்துள்ளது. கணவர் சபரில் இருக்கும் தாய்மார்களே, அந்த நாற்காலி உங்களுடையது. அடுத்த கூட்டம் எந்நாள் என்று தலைமையாசிரியரிடம் இந்த வாரமே கேளுங்கள். மதரஸா நேரம் அதற்கு இடையூறாகுமானால், நேரத்தை மாற்றித்தர ஜமாஅத் நிர்வாகிகளிடம் சொல்லுங்கள்.