எழுத்தர் இல்லாத பள்ளி



இந்தக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களில் பாதிப்பேர் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் நேற்று மாலைவரை வகுப்பறையில் நின்றுவிட்டு இரவு பேருந்து ஏறி வந்தவர்கள். இரு தரப்பும் ஒரே அரங்கில் அமர்ந்து பள்ளிப் பணியாளர்களைப் பற்றிப் பேசுவது அரிது. அந்த வாய்ப்பை உருவாக்கிய அமைப்பாளர்களுக்கு முதலில் என் நன்றி.

தலைமை உரை என்றால் எல்லாக் கட்டுரைகளையும் தொட்டுச் செல்வது வழக்கம். நான் ஒரே ஒரு கருத்தை வைத்து அமர்கிறேன். ஆசிரியரின் சுமையை இறக்கத்தான் வேண்டும். ஆனால் இறக்கிய சுமையை யாரிடம், என்ன ஊதியத்தில், என்ன பயிற்சியோடு கொடுக்கப்போகிறோம் என்பதையும் அதே மூச்சில் முடிவு செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டின் ஈராசிரியர் தொடக்கப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். அவர்களில் ஒருவர் தலைமையாசிரியர். காலையில் செயலியில் வருகையைப் பதிவு செய்ய வேண்டும். எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் மாணவர் விவரங்களைத் திருத்த வேண்டும். பாடநூலும் நோட்டும் வந்து இறங்கினால் எண்ணி வாங்க வேண்டும். சீருடைக்கு அளவு, காலணிக்கு அளவு, உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு, ஆதாரில் பெயர் பிழையாக இருந்தால் பெற்றோரை அழைத்துச் சொல்வது, குடற்புழு மாத்திரை கொடுத்து எண்ணிக்கை அனுப்புவது, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தை எழுதிப் பதிவேற்றுவது என்று வேலை நீள்கிறது. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று தலைமையாசிரியர் கிளம்பிவிட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். மேல்நிலைப் பள்ளியில் இளநிலை உதவியாளர் உண்டு, ஆய்வக உதவியாளர் உண்டு, அலுவலக உதவியாளர் உண்டு. அங்கே பணியிடம் காலியாகக் கிடக்கிறது என்பது வேறு வழக்கு. தொடக்கப் பள்ளிக்கு அப்படியொரு பணியிடமே கிடையாது. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்கும் வயதில், ஆசிரியரின் முழுக் கவனமும் தேவைப்படும் வயதில்தான் அந்தக் கவனத்தை அதிகமாகப் பறிக்கிறோம். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிரக் கல்வி சாராத எப்பணிக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. வாக்காளர் பட்டியல் திருத்தப் பணியை விடுமுறை நாளிலும் பாடவேளை அல்லாத நேரத்திலும் மட்டுமே கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரிலேயே கூறிவிட்டது. இவை இரண்டும் ஆசிரியரைப் பள்ளிக்கு வெளியே இழுப்பதைத் தடுக்க முயல்கின்றன. பள்ளிக்குள் இருந்துகொண்டே அவர் எழுத்தராக மாறிவிடுவதை இவை காணவில்லை. அச்சட்டத்தின் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். 60 குழந்தைகளுக்கு இரண்டு ஆசிரியர், 150க்கு மேல் போனால் தனித் தலைமையாசிரியர், வாரத்துக்கு ஆயத்த நேரம் உட்பட 45 மணி என்று எல்லாம் இருக்கிறது. எழுத்தர் பற்றியோ உதவியாளர் பற்றியோ ஒரு வரி இல்லை. இந்த வெற்றிடத்துக்குத்தான் நாம் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தனிப் பணியாளரை அமர்த்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம் மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று வகுத்தது. அரிசி, பருப்பு, முட்டைக் கணக்கு அமைப்பாளரின் ஏட்டுக்குப் போனது. இதன் அருமை அண்டை மாநிலத்தைப் பார்த்தால் விளங்கும். கேரளத்தில் மதிய உணவுப் பொறுப்பு தலைமையாசிரியருடையது. அரசுப் பணம் தாமதமானதால் கைப்பணம் போட்டுப் பொருள் வாங்கிய ஆசிரியர்கள், நிலுவையைக் கேட்டு 2023இல் உயர் நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. கல்வியில் நம்மைவிட எத்தனையோ படிகள் முன்னே சென்ற மாநிலம் அது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் சமைக்கும் பொறுப்பு மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குத்தான் போனது. எமிஸ் பதிவிலும் பின்னர் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களில் அமர்த்தப்பட்டவர்களைப் பயன்படுத்தத் தொடங்கினோம். திசை சரியானது.

ஆனால் அதே வரலாற்றின் மறுபக்கத்தையும் இந்த அவை பேச வேண்டும். நாற்பது ஆண்டு கடந்தும் சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியம் கேட்டுத் தெருவில் நிற்கிறார்கள். 2012இல் ஓவியம், தையல், உடற்கல்வி கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தோம். 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தோம். பெருந்தொற்றில் கற்றல் அறுந்துபோன குழந்தைகளுக்கு அவர்கள் ஆற்றிய பணி அளவிடற்கரியது. 2024-25இல் ஒன்றிய அரசு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியை நிறுத்திவைத்தபோது, முதலில் நடுங்கியது அந்த நிதியில் ஊதியம் வாங்கும் ஒப்பந்தப் பணியாளர்களின் குடும்பங்கள்தான். ஓர் ஆசிரியரின் மூச்சுத்திணறலைப் போக்க, வாடகை கட்ட முடியாத ஒரு பெண்ணை அவருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதைச் சீர்திருத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். நிலையான பணியிடம், பணி விதி, பதவி உயர்வு ஆகியவை இல்லாத உதவியாளர் நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுவார். அந்த வேலை மறுபடி ஆசிரியர் மேசைக்கே வரும்.

இங்கிலாந்தின் பட்டறிவிலிருந்து இரண்டு பாடங்கள் நமக்குண்டு. 2003 ஜனவரியில் அங்கே அரசும் பெரும்பாலான ஆசிரியர் சங்கங்களும் ஓர் உடன்பாடு செய்தன. பணம் வசூலிப்பது, நகலெடுப்பது, வராத மாணவரைத் தேடித் தொலைபேசுவது போன்ற 20க்கும் மேற்பட்ட எழுத்தர் வேலைகளை ஆசிரியர் வழக்கமாகச் செய்யத் தேவையில்லை என்று பட்டியலிட்டே எழுதினார்கள். 2005 முதல் பாடவேளையில் பத்தில் ஒரு பங்கு, ஆயத்தத்துக்கும் மதிப்பீட்டுக்கும் உறுதியானது. வேலைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது அதன் வலிமை. நம் சுற்றறிக்கைகள் 'கற்பித்தல் அல்லாத பணி' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

இரண்டாவது பாடம் கசப்பானது. உதவியாளர் எண்ணிக்கை பெருகியபின் லண்டன் கல்வியியல் நிறுவனத்தில் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு தலைமையில் ஐந்தாண்டுகள் நடந்த பெரிய ஆய்வு, உதவியாளரின் துணையை அதிகம் பெற்ற மாணவர்கள், அவர்களையொத்த மற்ற மாணவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியதைக் காட்டியது. குற்றம் உதவியாளர்கள் மீதில்லை. கற்றலில் பின்தங்கிய குழந்தையை ஆசிரியரிடமிருந்து பிரித்து, போதிய ஆயத்தமோ பயிற்சியோ இல்லாத ஒருவரிடம் ஒப்படைத்த ஏற்பாட்டின் மீது. நம் ஊரிலும் இது எளிதாக நடந்துவிடும். மெதுவாகப் படிக்கும் பிள்ளையை யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்ற எண்ணம் நம் வகுப்பறைகளுக்குப் புதிதல்ல. ஆகவே என் நிலைப்பாடு இது: கணக்கு, பதிவேடு, பொருள் வழங்கல், உடல்நலப் பதிவு, வளாகப் பராமரிப்பு ஆகியவை ஆசிரியரிடமிருந்து போகட்டும். மிகவும் பின்தங்கிய குழந்தை ஆசிரியரிடமே இருக்கட்டும்.

ஜப்பானைப் பற்றி நாளை தனிக் கட்டுரை உண்டு. ஆசிரியரின் நேரம் எங்கே போகிறது என்பதைக் காட்டும் ஓர் எண்ணை மட்டும் சொல்கிறேன். டாலிஸ் என்னும் பன்னாட்டு ஆசிரியர் ஆய்வின் 2018ஆம் ஆண்டு முடிவின்படி அங்கே நடுநிலை ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைத்தார். அதில் பாடம் நடத்தியது 18 மணி நேரம்.

நம் தொடக்கப் பள்ளிக்கு உடனே செய்யக்கூடியது என்று நான் கருதுவது, அருகருகே உள்ள பள்ளிகளை இணைக்கும் குறுவள மையந்தோறும் எழுத்தர் பணியிடங்களை உருவாக்குவது. நான்கைந்து பள்ளிகளுக்கு ஒருவர், நாள்முறை வைத்து ஒவ்வொரு பள்ளிக்கும் சென்று அமர்ந்து வேலையை முடிப்பவர். தேர்வாணையம் வழியாக வரும் முறையான பணியிடமாக அது இருக்க வேண்டும். செலவாகும், உண்மை. இன்று அதே வேலைக்கு ஆசிரியர் ஊதியத்தைத்தான் செலவழிக்கிறோம்; கூடவே குழந்தைகளின் பாடவேளையையும். இன்னொன்று, கைமாற்றுவதற்கு முன் நீக்கவும் பழக வேண்டும். எமிஸில் ஏற்கெனவே இருக்கும் விவரத்தை மறுநாள் எக்செல் தாளிலும் அதன் மறுநாள் வாட்ஸ்அப்பிலும் கேட்பதை நிறுத்த எந்தப் பணியிடமும் தேவையில்லை.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த வேலையை மாற்றச் சொல்கிறீர்களோ, அதை ஏற்கப்போகிறவரின் பதவிப் பெயரையும் ஊதியத்தையும் உங்கள் முடிவுரையில் சேர்த்துச் சொல்லுங்கள். நாளை முற்பகல் அமர்வில் சத்துணவு அமைப்பாளர்களும் அலுவலக உதவியாளர்களும் பேசுகிறார்கள். ஆளுக்கு இருபது நிமிடம். இன்றைய அமர்வுகள் நீண்டுபோனாலும் அந்த இருபது நிமிடத்தில் யாரும் கைவைக்க வேண்டாம் என்று அமர்வுத் தலைவர்களைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.