குழாய் நீரும் மின்சாரக் காவலனும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா நாளில் கிருமிகளைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், நம்மவர் பலர் வாழும் மாதுங்காவே ஒரு கிருமியின் விளைவாக எழுந்த குடியிருப்புத்தான். 1896ஆம் ஆண்டில் பம்பாயின் மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் தலைகாட்டியது. நெருக்கமும் இருளும் மிகுந்த சந்துகளில் பரவிப் பல்லாயிரவரை மாய்த்தது. அதன் பின்னரே 1898இல் நகரச் சீரமைப்பு டிரஸ்ட் தோன்றியது. அகன்ற சாலைகளும் காற்றோட்டமான மனைகளும் கொண்ட தாதர்–மாதுங்காத் திட்டம் அது வகுத்ததேயாகும். ஹாஃப்கின் என்னும் அறிஞர் பிளேக் தடுப்பூசியை இந்நகரிலேயே உருவாக்கி, 1897 ஜனவரியில் தம் உடம்பிலேயே முதலில் செலுத்திக்கொண்டார். பரேலிலுள்ள ஆய்வுக்கூடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிளேக் அகன்றது. ஆயினும் வாந்திபேதியும் டைபாய்டும் நீரின் வழியே இன்னும் வருகின்றன. பாண்டுப் நிலையத்தில் தூய்மையாக்கப்பெற்றுப் புறப்படும் நீர் வழியில் கெடுவது எங்ஙனம்? நம் குழாய்களில் பெரும்பாலும் சில மணி நேரமே நீர் வருகிறது. ஓட்டம் நின்றதும் குழாயினுள் அழுத்தம் தணிகிறது. வெடிப்புள்ள இடம் சாக்கடையை ஒட்டியிருந்தால் கழிவு உள்ளே கசிகிறது. தாராவியின் குறுகிய சந்துகளில் குழாயும் சாக்கடையும் அருகருகே செல்வதை நாம் அறிவோம்.

குடிநீரின் 100 மில்லி லிட்டரில் ஈ. கோலை என்னும் குடற்கிருமி ஒன்றேனும் காணப்படலாகாது என்பது இந்தியத் தர விதி. அதை அறியக் கிருமியை வளர்த்துப் பார்த்தல் வேண்டும். அதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். குவாலியரிலுள்ள இராணுவ ஆய்வுக்கூடத்தார் 1982இல் எளிய முறையொன்றை வெளியிட்டனர். மருந்திட்ட தாளுள்ள புட்டியில் நீரை ஊற்றி வைத்தால், கழிவு கலந்த நீர் கறுத்துவிடும். அதற்கும் ஓர் இரவு காத்திருக்க வேண்டும். அதற்குள் நம் குழந்தைகள் அந்நீரைப் பருகிவிடுகின்றனர். இந்த இடைவெளிதான் நம் துன்பத்தின் வேர்.

இங்கேதான் மின்சாரம் துணைக்கு வருகிறது. கிருமிகள் வளரும்போது ஊட்டக் கரைசலின் மின்கடத்தும் திறன் மாறுவதை ஸ்டூவர்ட் என்பார் 1899இலேயே அளந்து காட்டினார். இன்றைய உயிர் உணரிகள் அதற்கும் ஒருபடி மேலே செல்கின்றன. மெல்லிய பொன் மின்முனையின்மீது, குறிப்பிட்ட கிருமியை மட்டும் பற்றும் எதிர்ப்புப் பொருளைப் பூசுகின்றனர். கிருமி வந்து ஒட்டியதும், மதகில் பாசி அடைந்தால் நீரோட்டம் குறைவது போல, மின்னோட்டம் தடைப்படுகிறது. அத்தடையின் அளவே கிருமியின் வருகையைச் சாற்றுகிறது. நாள் கணக்கில் அறிந்ததை மணிக் கணக்கில், சில வேளை நிமிடக் கணக்கில் அறியலாம். நம் பவாய் ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் 2011இல் ஈ. கோலையைக் கண்டறியும் உணரியொன்றை விளக்கினர். அது மின்சாரத்தாலன்றி ஒளியிழையால் இயங்குவது.

இதில் இடர்ப்பாடுகளும் உண்டு. உணரி தொடுவது ஒரு துளி. தேட வேண்டியதோ 100 மில்லி லிட்டர். ஆகவே, முதலில் கிருமிகளை வடித்துத் திரட்ட வேண்டியுள்ளது. நீரிலுள்ள வேறு அழுக்குகள் மின்முனையை ஏமாற்றும். குளோரினால் மாண்ட கிருமியும் உயிருள்ளது போலவே ஒட்டக்கூடும். இவற்றை வெல்வது இங்கு அமர்ந்திருக்கும் மாணவர்களின் பணியாகட்டும்.

அன்பர்களே! கருவி நோயைச் சுட்டுமேயன்றி நீக்காது. வெடித்த குழாயை மாற்றுவது மனிதர் கடமை. அதுவரை நீரைத் தளதளவெனக் கொதிக்க வைத்து, மூடிவைத்துப் பருகுவோமாக. பிளேக்கிற்குப் பின் மாதுங்காவுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைத்தன. அதுபோல், இப்புதுக் கருவிகள் முழுமையுற்று வரும் நாளில் அவை முதலில் காவல் நிற்க வேண்டிய இடம் தாராவியின் தெருக்குழாயே என்று நாம் அனைவரும் ஒரு குரலாகக் கேட்போமாக.