லேசர் கருவியும் சுங்கச் சட்டமும்



இரவுச் சாப்பாடு முடிந்து லயத்து வாசலில் காற்றாட உட்கார்ந்திருப்பீர்கள். தலையை நிமிர்த்தினால் வானம். பட்டணத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத நல்ல இருட்டு வானம் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காசில்லாமல் கிடைக்கிறது. அந்த வானத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போய் நான் செய்த ஒரு தவற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அதே தவற்றை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

எங்கள் தோட்டப் பள்ளியில் 6 அங்குலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கி ஒன்று உண்டு. அதற்குள் பெரிய கண்ணாடி ஒன்றும் சிறிய கண்ணாடி ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். மண்சாலையில் வேனில் ஏற்றிப் போனால் அவை சற்றே விலகிவிடும். பிறகு வியாழன் கிரகம் கலங்கிய தண்ணீரில் தெரியும் விளக்குப்போல மங்கலாகத் தெரியும். கண்ணாடிகளை நேர் செய்வதற்கு லேசர் கருவி ஒன்று இருக்கிறது. மெல்லிய சிவப்பு ஒளியைக் குழாய்க்குள் செலுத்தி, கண்ணாடி சரியாக நிற்கிறதா என்று பார்க்கலாம். நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்டப் பச்சை லேசர் ஒன்றும் விற்கிறார்கள்.

பெற்றோர்கள் ஐந்தும் பத்துமாகக் கொடுத்த பணத்தில் இரண்டையும் இணையத்தில் பார்த்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். விலையைப் பார்த்தேனே தவிர, விதியைப் பார்க்கவில்லை. சில வாரம் கழித்துப் பொட்டலம் வரவில்லை, கடிதம் வந்தது. பொட்டலம் சுங்கச் சோதனையில் நிற்கிறது என்றிருந்தது. நேரில் போனேன். அதிகாரி மரியாதையாகவே பேசினார். "இதன் சக்தி எத்தனை மில்லிவாட்? எந்த வகுப்பைச் சேர்ந்தது? வெளியே விளையாட்டுச் சாமான் என்று எழுதியிருக்கிறதே, ஏன்?" என்று கேட்டார். விற்றவர் அப்படி எழுதி அனுப்பியது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. பொட்டலம் கைக்கு வரவேயில்லை. பெற்றோர் கொடுத்த பணத்தை என் சம்பளத்திலிருந்து திருப்பிக் கொடுத்தேன்.

பணம் வாங்க வந்த ஒரு தாயார், "வாத்தியாரே, வரி கட்டிட்டா விட்டுட மாட்டாங்களா?" என்று கேட்டார். நேயர்களே, நம்மில் பலர் நினைப்பது இதுதான். ஆனால், வரி வேறு, அனுமதி வேறு.

வரி என்பது பணம். 2024 ஜனவரி 1 முதல், பதிவு பெற்ற விற்பனையாளர்களிடம் இணையத்தில் வாங்கி வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதைப் பெரும்பாலும் வாங்கும்போதே கட்டிவிடுகிறோம். அனுமதி என்பது, அந்தப் பொருள் நாட்டுக்குள் வரலாமா என்பது. 1967-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, இறக்குமதியைத் தடை செய்யும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளிக்கிறது. அதன்படி வரும் ஆணையில் அட்டவணைகள் உண்டு. சில பொருள்களுக்கு முற்றாகத் தடை. சில பொருள்கள் உரிமம் இருந்தால் வரலாம். சில பொருள்கள் குறித்த தரத்துக்கு உட்பட்டால் வரலாம். இந்த அட்டவணைகள் அவ்வப்போது திருத்தப்படும். ஆகவே போன வருடம் பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தது என்பது நமக்குச் சாட்சியாகாது.

இவ்வளவு சிறிய விளக்குக்கு இத்தனை கட்டுப்பாடு ஏன்? முதல் காரணம் கண். லேசரைச் சக்தியைப் பார்த்து வகுப்புப் பிரிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1 மில்லிவாட் வரை 2-ஆம் வகுப்பு. கண்ணில் பட்டால் இமை தானாக மூடிக் காப்பாற்றும். 5 மில்லிவாட் வரை 3ஆர். அதற்கு மேல் 500 மில்லிவாட் வரை 3பி. அது நேராகப் பட்டால் விழித்திரை புண்ணாகும். அதற்கும் மேலே 4-ஆம் வகுப்பு. மலிவான பச்சை லேசரில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அதற்குள் முதலில் பிறப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அதையே பச்சையாக மாற்றுகிறார்கள். வடிகட்டி இல்லாத கருவியில் அந்த ஒளியும் வெளியே கசியும். தெரியாத ஒளிக்கு இமை மூடாது. பெட்டியில் 5 என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே அதைவிட அதிகம் இருக்கக்கூடும்.

இரண்டாவது காரணம் பிறர் பாதுகாப்பு. 2010 டிசம்பர் 26-ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியாவும் இந்தோனேசியாவும் மோதிய பந்தாட்டம் நினைவிருக்கலாம். ஆட்டக்காரர்கள் கண்ணில் லேசர் அடித்ததால் ஆட்டமே சிறிது நேரம் நின்றது. திடலில் ஆட்டம் நின்றதோடு போயிற்று. இறங்கி வரும் விமானத்தில் விமானியின் கண் கூசினால் என்ன ஆகும்? 2008-ஆம் ஆண்டு சிட்னியில் விமானங்கள் மீது லேசர் அடித்தார்கள். அதே ஆண்டில் ஆஸ்திரேலியா, 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட கையடக்க லேசரை எழுத்து மூல அனுமதியில்லாமல் கொண்டுவரத் தடை விதித்தது. அங்கே வேலைக்கோ படிப்புக்கோ போகும் நம் பிள்ளைகள், பையில் விளையாட்டாகக்கூட இதை எடுத்துப் போகக்கூடாது.

ஆகவே வாங்க நினைப்பவர்கள் நான்கு காரியம் செய்யுங்கள். ஒன்று, பணம் கட்டுமுன் சக்தி, வகுப்பு, சோதனைப் பத்திரம் ஆகியவற்றை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டு, அந்த விவரத்தைச் சுங்க அலுவலகத்தில் காட்டி, அனுமதி தேவையா என்று கேளுங்கள். தேவையென்றால், அது கைக்கு வந்தபின் பணம் கட்டுங்கள். மூன்று, பொட்டலத்தின் மேல் உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். பொய் விவரம் கொடுப்பது தனிக் குற்றம். நான்கு, சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனையோ தம்பியையோ பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். பிடிபடுவது நாமல்ல, அவன்.

சரி, எங்கள் தொலைநோக்கி என்ன ஆயிற்று? பழைய கேமரா பிலிம் டப்பி ஒன்று கிடைத்தது. அடிப்பாகத்தை வெட்டிவிட்டு, மூடியின் நடுவில் சிறிய துளை போட்டோம். கண்வில்லை செருகும் குழாயில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. பகல் வெளிச்சத்தில், சூரியன் பக்கம் திருப்பாமல், துளை வழியே பார்த்தால் சிறிய கண்ணாடியும், அதற்குள் பெரிய கண்ணாடியும், அதன் நடுவில் ஒட்டிய புள்ளியும் தெரியும். எல்லாம் ஒரே நடுவுக்கு வரும்வரை திருகுகளை மெல்லத் திருப்பினோம். அன்றிரவு வியாழனும் அதன் நான்கு நிலவுகளும் தெளிவாகத் தெரிந்தன. பணம் திரும்ப வாங்கிய அந்தத் தாயாரும் வரிசையில் நின்று பார்த்தார்.

லேசர் கருவி நல்ல கருவிதான். முறைப்படி வந்தால் வாங்குவோம். கேட்டுவிட்டு வாங்குபவருக்கு நஷ்டமில்லை. கேட்காமல் வாங்கிய நான்தான் அதற்குச் சாட்சி.