ஆட்ட விதியும் ஆட்சி விதியும்



உதைபந்தாட்ட விதிகளை வகுக்கும் சர்வதேசச் சபை 1886ஆம் ஆண்டில் தோன்றியது. அங்கே எட்டு வாக்குகள் உள. பிரித்தானியச் சங்கங்கள் நான்குக்கும் ஒவ்வொன்று. உலகச் சம்மேளனமாகிய பீபாவுக்கு நான்கு. ஆறு வாக்குகள் சேர்ந்தாலன்றி எவ்விதியும் மாறாது. தன் கட்சியார் வேண்டுமென்றே காலால் தட்டிக் கொடுத்த பந்தைக் கோல் காப்பாளர் கையாற் தொடலாகாதென்ற 1992ஆம் ஆண்டு விதியும் அவ்வழியே வந்தது.

ஆட்டத்துக்கு இத்துணைக் கட்டுப்பாடு இருக்க, அதை நடத்துவோருக்கு வேண்டாமா? 2023 ஜனவரி 21ஆம் திகதி, வெளியார் தலையீட்டைக் காரணங்காட்டி, இலங்கைச் சம்மேளனத்தைப் பீபா இடைநிறுத்தியது. 1995இல் தென்னாசியக் கிண்ணத்தை வென்ற நம் நாடு, 2023இல் பெங்களூரில் நடந்த தென்னாசியப் போட்டியில் ஆட இயலவில்லை. ஆகஸ்டில் தடை நீங்கியது. இழந்த வாய்ப்பு மீளவில்லை. நிருவாகத்தார் பிணக்குக்கு ஆட்டக்காரர் ஏன் தண்டம் இறுக்க வேண்டும்?

உடப்பிலும் சிலாபத்திலும் கடற்கரை மணலில் ஆடும் நமக்கும் இது பாடமாகும். உரிய காலத்திற் பொதுக்கூட்டம், ஒளிவற்ற கணக்கு, நேர்மையான தேர்தல் ஆகிய மூன்றையும் நம் கழகங்களிலேயே பழகுவோம். பெரியோர்களே, தவணை முடிந்ததும் இளையோருக்கு இடம் விட்டு, அருகிருந்து வழிகாட்டுங்கள்.