யாழினி என்னும் பெயரை ஒலிக்கும் முறை

(கடலூரில் நடைபெற்ற நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு பெண்குழந்தையின் பெயர். இத்துணைப் பெரிய சபையில் பேசுதற்குரிய பொருள் இதுதானா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், பெற்றோர் தம் மகவுக்கு முதன்முதல் அளிக்கும் செல்வம் பெயரேயாகும். அது பிழைபட வழங்குமாயின், அப்பிழையை வாழ்நாள் முழுவதும் சுமப்பது அக்குழந்தையேயன்றி நாமல்லேம்.

யாழினி என்னும் பெயர் இக்காலத்தில் கடலூரிலும் சிதம்பரத்திலும் நம்மவர் பலர் விரும்பி இடும் பெயராயிருக்கிறது. இது யாழ் என்னும் சொல்லினின்று பிறந்தது. யாழ்போல் இனியவள் என்று பெற்றோர் பொருள் கொள்வர். யாழுக்கும் நமது மாவட்டத்துக்கும் உள்ள உறவு சிறிதன்று. திருஞானசம்பந்தருடன் தலந்தோறும் சென்று, அவர்தம் பதிகங்களை யாழிலிட்டு வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர் அவதரித்த திருஎருக்கத்தம்புலியூர், இராசேந்திரப்பட்டினம் என்ற பெயருடன் விருத்தாசலம் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. வழக்கொழிந்துபோன யாழின் இலக்கணத்தை ஆராய்ந்து, 1947-ஆம் ஆண்டில் 'யாழ் நூல்' அளித்த விபுலாநந்த அடிகளும், 1931-இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவரே.

இத்தகைய பெயரை நாம் எங்ஙனம் அழைக்கின்றோம்? 'யாளினி' என்பார் பலர். 'யாலினி' என்பார் சிலர். 'யாயினி' என்பாரும் உளர். யாளி என்பது கோயில் தூண்களில் சிங்கமுகத்துடன் பாய்ந்து நிற்கும் கல் விலங்கு. யாழின் இனிமையை விரும்பிப் பெயரிட்டுவிட்டு, யாளியின் நினைவு வரும்படி கூப்பிடுவது பொருந்துமோ?

ழகரம் பிறக்குமாற்றைத் தொல்காப்பியமும் நன்னூலும் தெளிவுறக் கூறியுள்ளன. நாவின் நுனி மேலெழுந்து அண்ணத்தை வருட அவ்வொலி பிறக்கும் என்பது அந்நூல்களின் கருத்து. இக்கால ஒலிநூலார் இதனை மேலும் விளக்குவர். ளகரத்துக்கு நாநுனி மேலே மடிந்து அண்ணத்தில் ஒட்டும். காற்று நாவின் இருமருங்கும் வெளிச்செல்லும். ழகரத்துக்கோ நா ஒட்டுவதில்லை. நடுவே காற்று தடையின்றிச் செல்லும். ஆதலின் 'யா' என்று தொடங்கி, நாநுனியை மெல்ல மேல்நோக்கி வளைத்து, அண்ணத்தில் ஒட்டவிடாமல் 'ழி' என்று கூறி, 'னி' என முடித்தல் வேண்டும். ஏழு, மழை, வாழை, கிழங்கு என்னும் வீட்டுச் சொற்களே இதற்குப் போதிய பயிற்சியாம். விழி என்பது கண்; விளி என்பது அழைத்தல். வாழ் என்பது உயிர்வாழ்தல். வாள் என்பது படைக்கலம். ஓரெழுத்து பிறழின் பொருள் எவ்வளவு மாறுகிறது பாருங்கள்!

நிற்க. இப்பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது வேறொரு தொல்லை நேர்கின்றது. அம்மொழி எழுத்தில் ழகரம் இல்லை. இசட், எச் என்னும் இரண்டையும் சேர்த்து எழுதுவது இப்போதைய வழக்கம். தமிழறியாதார் அதனை 'யாஜினி' என்று வாசிப்பர். எல் என்னும் எழுத்தால் எழுதினாலோ நம்மவரே 'யாலினி' என்பர். சிதம்பரத்துக்கு அருகிலுள்ள சீர்காழியை வெள்ளையர் 'ஷியாளி' என்றும், கோழிக்கோட்டைக் 'காலிகட்' என்றும் எழுதிவைத்தனர். 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி வெளியிட்ட ஆணையும் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆதலின் ஆங்கில எழுத்து நம் குழந்தையின் பெயரைக் காக்கும் என்று நம்பியிருத்தல் வீண். அதனைக் காப்பது பெற்றோர் வாய்மொழியே.

ஆயினும் எழுத்தில் அசட்டை கூடாது. பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்; அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். எழுதுமுன் குடும்பத்தார் கலந்து ஒரே எழுத்தை முடிவு செய்து, ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் அதனையே வழங்குதல் நலம். பிறப்புச் சான்றில் ஒருவிதமும் பள்ளிச் சான்றில் வேறொருவிதமும் இருப்பின், பின்னாளில் கடவுச்சீட்டுக்கு அலைபவள் அப்பெண்ணே.

இங்கு ஒன்று சொல்லாமல் விடுதல் தகாது. உச்சரிப்பைக் கொண்டு ஒருவரது குலத்தையும் கல்வியையும் அளந்து எள்ளும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. அவ்வழக்கம் நமக்கு வேண்டா. தென்பாண்டி நாட்டில் ழகரம் ளகரமாக ஒலிப்பதும், சென்னைப் பக்கத்தில் யகரமாக ஒலிப்பதும் அவ்வவ்விடத்துப் பேச்சின் இயல்பு. வயது முதிர்ந்த பாட்டியார் 'யாளினிக்கண்ணு' என்று அழைத்தால், அவ்வன்பைத் திருத்த முற்படுவோர் அறிவிலிகளே. மழலை பேசும் குழந்தையையும் கடிந்து வருத்தலாகாது. ழகரம் அதன் நாவுக்கு மெல்லவே வசப்படும். காதில் சரியாக விழுந்தது நாவில் தானே சரியாக வரும்.

ஆகவே நம் சங்கத்துப் பெற்றோரை நாம் வேண்டிக்கொள்வது இதுதான். நீங்கள் இட்ட பெயரை நீங்களே நாள்தோறும் செவ்வையாக அழையுங்கள். பள்ளியில் சேர்க்கும் நாளன்று, ஆசிரியரிடம் அதனை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள். பிறர் பிழைபட அழைக்குங்கால், "என் பெயர் யாழினி" என்று அச்சமும் கோபமுமின்றி மறுமொழி கூற உங்கள் மகளுக்குப் பழக்குங்கள். தன் பெயரைத் தானே காத்துக்கொள்ளத் தெரிந்த பெண், நாளை தன் உரிமைகள் பிறவற்றையும் காத்துக்கொள்வாள்.