விருத்தாசலம் டு அரிக்கமேடு: ஒரு நாள், ரெண்டு கைப்பிடி ஜாடி, கருவாட்டுக் குழம்பு

கிரேக்க இடிபாடுகளைச் சுத்திப் பார்த்துக்கிட்டே அந்த ஊர்ச் சாப்பாட்டையும் ருசிக்கிற ஒரு நாள் டூர் கேள்விப்பட்டிருப்பீங்க. அதுக்கு விசா வேணும். ஆனா அந்தக் கதையோட இன்னொரு முனை நம்ம பக்கத்துலயே இருக்கு, அரிக்கமேட்டுல.

காலையில விருத்தாசலத்துல பீங்கான் பட்டறை ஒண்ணைப் பாருங்க. பொம்மை, அகல் விளக்கு எல்லாம் சூளையில வெந்து வரும். சுட்ட மண் மக்காது. இன்னிக்கு முழுக்க இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அடுத்து நெய்வேலி வழியா பண்ருட்டி. சீசன்னா பலாச்சுளை, இல்லன்னா முந்திரி. பலா நம்ம மண்ணோடது. முந்திரி பிரேசில்ல இருந்து போர்ச்சுகீசியர் மூலமா வந்தது. கப்பல் வந்தா சாப்பாடும் கூடவே வரும்.

கடலூர் தாண்டி, புதுச்சேரிக்குக் கொஞ்சம் முன்னாடி அரியாங்குப்பம். ஆத்தங்கரையில மரங்களுக்கு நடுவுல சில செங்கல் தூண்கள். பார்த்ததும் "ரோமானியர் கட்டினது"ன்னு செல்ஃபி போட்டுடாதீங்க. அது 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மிஷன் கட்டடம். பழைய துறைமுகம் மண்ணுக்குக் கீழ இருக்கு.

1945-ல மார்ட்டிமர் வீலர் இங்க தோண்டினப்போ இத்தாலியப் பானை ஓடுகள் கிடைச்சுது. கூடவே ஆம்போரா, அதாவது ரெண்டு கைப்பிடி வச்ச பெரிய ஜாடியோட துண்டுகள். 1989-லேருந்து 1992 வரைக்கும் விமலா பெக்லி குழு மறுபடி தோண்டிச்சு. அந்த ஜாடிகள்ல கிரேக்கத்தோட கோஸ் தீவு ஒயின் வந்திருக்கு. கடல்தண்ணி கலந்து செய்யுற ஒயின் அது! ஆலிவ் எண்ணெயும், கரும்ங்குற மீன் சாறும் வந்திருக்கு. மீனை உப்புல ஊறவச்சு எடுக்குறது கரும். நம்ம கருவாட்டுக்குப் பங்காளின்னு வச்சுக்கலாம். அதனால மதியம் கருவாட்டுக் குழம்புதான், வேற பேச்சே இல்ல.

ஒரே ஒரு வேண்டுகோள். மழை பெஞ்சா அரிக்கமேட்டுல மணியும் ஓடும் மேல தெரியும். எடுக்காதீங்க. ஒரு ஓடு எந்த இடத்துல, எந்த அடுக்குல கிடந்துதுங்குறதை வச்சுதான் அதோட காலத்தையே சொல்ல முடியுது. பாக்கெட்டுக்குள்ள போயிட்டா அது வெறும் ஓட்டாஞ்சில்லுதான். ஆளுக்கு ஒண்ணு எடுத்தா, ரெண்டாயிரம் வருஷம் தாங்கின துறைமுகம் நம்ம காலத்துலயே காலியாகிடும். கண்டெடுத்ததைப் பார்க்கணும்னா புதுச்சேரி மியூசியத்துக்குப் போங்க.

ஞாபகத்துக்கு ஏதாவது வேணுமா? விருத்தாசலத்துல ஒரு பீங்கான் பொம்மை வாங்குங்க. செஞ்சவங்க கைக்குக் காசு போகும், அரிக்கமேடும் அப்படியே இருக்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!